இருதுருவ மனநோயும் விருப்பின் உரிமையும்: ஸ்பானிய அமெரிக்கச் சமூகங்களை முன்னிறுத்திய ஒரு நோக்கு

கையையோ கண்ணையோ தாக்கும் நோய் நோயாளியின் விருப்பத்தை விட்டுவைக்கிறது. தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று கூறும் ஆற்றல் அவரிடம் எஞ்சியிருப்பதால், மருத்துவரும் உறவினரும் அவரைக் கேட்டே செயற்பட முடிகிறது. விருப்பத்தையே மாற்றிவிடும் நோய்கள் இதற்கு மாறானவை. இருதுருவ மனநோய் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எழுச்சி நிலையில் ஒருவர் தம் வீட்டை விற்றுவிட விரும்புகிறார். தாழ்வு நிலையில் அதே மனிதர் உயிர்வாழவே விரும்புவதில்லை. இடைப்பட்ட காலத்தில் இவ்விரண்டையும் எண்ணி அஞ்சுகிறார். இம்மூன்று விருப்பங்களுள் எது அவருடையது? அதனைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குண்டு: அவருக்கா, அவருடைய குடும்பத்துக்கா, மருத்துவருக்கா, அரசுக்கா?

மேலைத்தேய ஒழுக்கவியலாளர் இவ்வினாவைப் பெரும்பாலும் தனிமனிதனுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்காகவே நோக்கி வந்துள்ளனர். குடும்பம் அவ்வழக்கில் ஒரு சாட்சியாக மட்டுமே தோன்றும். ஆயின், உலகின் பெரும்பகுதியில் மனநோயாளி ஒருவரை நீதிமன்றமும் மருத்துவமனையும் அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே குடும்பம் அறிந்துவிடுகிறது. பல வேளைகளில் குடும்பம் மட்டுமே அறிகிறது. எனவே, குடும்பப் பிணைப்பு வலிமை பெற்ற சமூகங்களில் இவ்வினா எவ்வாறு உருப்பெறுகிறது என்பதை ஆராய்தல் பயனுடையது. ஸ்பானிய மொழி வழங்கும் அமெரிக்க நாடுகளும், ஐக்கிய அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய வழியினரும் இதற்குச் சிறந்த ஆய்வுக்களமாக அமைகின்றனர். கடந்த அரை நூற்றாண்டாக அங்கு மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளும், அண்மையில் அங்கு இயற்றப்பட்ட சட்டங்களும் இவ்வினாவை வெறும் ஏட்டுச் சிந்தனையாக அன்றி வாழ்க்கைப் பிரச்சினையாகவே முன்வைத்துள்ளன.

முதற்கண் ஓர் எச்சரிக்கை தேவை. 'ஹிஸ்பானியர்' என்பது ஓர் இனத்தின் பெயரன்று; பெருமளவுக்கு அது நிர்வாகத்தின் ஆக்கமாகும். ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரஸ் 1976இல் ஸ்பானிய வழியினர் பற்றிய புள்ளிவிபரங்களைத் தொகுக்குமாறு சட்டமியற்றியது. 1980ஆம் ஆண்டுக் குடிமதிப்பு இதுபற்றிய வினாவை எல்லோரிடமும் எழுப்பியது. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இப்பிரிவில் அடங்குவோர் ஏறத்தாழ 6 கோடி 20 இலட்சம் பேர். மெக்சிக்கோவின் மலைக்கிராமத்திலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளியும், ஹவானாவை விட்டு வந்த வர்த்தகரும், பிறப்பிலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்ற புவேட்டோ றிக்கோவினரும் இவ்வொரே பெயரின் கீழ் எண்ணப்படுகின்றனர். ஆதலால் 'ஸ்பானியப் பண்பாடு மனநோயை இவ்வாறு நோக்குகிறது' என ஒற்றை வாக்கியத்தில் முடிவுகட்டுதல் பொருந்தாது. மொழி, கத்தோலிக்க மரபு, குடியேற்ற ஆட்சியின் சுவடுகள், விரிந்த குடும்ப அமைப்பு ஆகிய சில பொதுக்கூறுகளை மட்டுமே துணையாகக் கொள்ளலாம்.

நோயின் இயல்பைச் சுருக்கமாகக் காண்போமாயின், எழுச்சியும் தாழ்வும் ஒரே நோயின் இரு முகங்கள் என்னும் கருத்தை 1899இல் ஜேர்மானிய உளமருத்துவர் எமில் கிரேப்லின் ஒழுங்குபடுத்தினார். எண்ணச் சிதைவு நோயிலிருந்து அதனை அவர் வேறுபடுத்தினார். 'இருதுருவ நோய்' என்ற பெயர் 1980இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. 1949இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட் இலிதிய உப்பின் பயனை எடுத்துக்காட்டியதிலிருந்து இந்நோய் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்றாயிற்று. 2019இல் உலகில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மெக்சிக்கோ, கொலம்பியா உட்படப் பதினொரு நாடுகளில் மேற்கொள்ளப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று, நோயின் மிதமான வடிவங்களையும் சேர்த்து நோக்கின் நூற்றுக்கு 2.4 பேர் வாழ்நாளில் இதற்கு ஆட்படுவதாகக் கண்டது. அவர்களுள் அரைப்பங்கிற்கும் குறைவானோரே உளமருத்துவ உதவி பெற்றிருந்தனர். நோய் எங்கும் உண்டு. அதற்கு இடப்படும் பெயரும் அதனைத் தாங்கும் தோள்களுமே இடத்துக்கிடம் வேறுபடுகின்றன.

பெயரிடுதல் ஓர் ஒழுக்கச் செயலாகும். ஸ்பானிய மொழியில் 'லொக்குரா' என்றால் பைத்தியம். அச்சொல் குணமாகாமையையும் வன்முறையையும் அவமானத்தையும் ஒருங்கே சுட்டுவது. 'நேர்வியோஸ்' என்றால் நரம்புகள். துயர், பதற்றம், உறக்கமின்மை, வாழ்க்கை நெருக்கடியால் வரும் தளர்ச்சி அனைத்தையும் அடக்கும் மென்மையான சொல் அது. யாருக்கும் நேரக்கூடியது நேர்வியோஸ். நேர்ந்தவரைச் சமூகம் விலக்கிவைப்பதில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலுள்ள மெக்சிக்க வழிக் குடும்பங்களை 1980களில் ஆராய்ந்த மானிடவியலாளர் ஜானிஸ் ஜென்கின்ஸ், எண்ணச் சிதைவு நோயுற்ற பிள்ளையையும் பெற்றோர் நேர்வியோஸ் உடையவர் என்றே அழைத்தமையைக் கண்டார். இதனை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பிள்ளை தன் நிலைக்குப் பொறுப்பாளி அல்லன், அவன் இன்னும் எம் வீட்டைச் சேர்ந்தவனே என்று உலகுக்கு அறிவிக்கும் உபாயமாக அச்சொல் இயங்கியது.

எனினும், காக்கும் சொல்லே மறைக்கவும் கூடும். நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வும் மூலிகைத் தேநீரும் பிரார்த்தனையும் போதும் என்று கருதப்படுமிடத்து, இலிதியம் வேண்டிய நோய் ஆண்டுக்கணக்கில் இலிதியமின்றிக் கழிகிறது. எழுச்சி நிலையோ நோயாகவே தோன்றுவதில்லை. உறக்கமின்றி உழைப்பவன் சுறுசுறுப்பானவன் எனவும், கையிலுள்ளதையெல்லாம் வாரி வழங்குபவன் பெருந்தன்மையானவன் எனவும், அடங்காமல் திரிபவன் ஆண்மையுடையவன் எனவும் பாராட்டப்படுதல் சாத்தியமே. பெண்ணிடம் தோன்றும் அதே கட்டின்மை ஒழுக்கக்கேடு என இகழப்படும். ஒரே நோய் ஆணுக்குப் புகழையும் பெண்ணுக்குப் பழியையும் கொணருமாயின், அங்கு தீர்ப்பு வழங்குவது மருத்துவ அறிவன்று. ஏற்கெனவே அச்சமூகத்தில் நிலவும் அதிகார உறவே ஆகும்.

பெயரிடும் அதிகாரம் வெளியாரிடம் செல்லும்போதும் அநீதி நேர்கிறது. கடுந்துயரில் அலறுதல், நடுங்குதல், மயங்கி விழுதல் ஆகியவற்றைப் புவேட்டோ றிக்கோ மக்கள் 'அதாக்கே தெ நேர்வியோஸ்', அதாவது நரம்புத் தாக்கம் என்பர். 1950களில் இதனை அந்நாட்டுப் போர்வீரரிடம் கண்ட அமெரிக்க இராணுவ மருத்துவர்கள் 'புவேட்டோ றிக்கோ நோய்' என்றே பெயர் சூட்டினர். ஒரு மக்களின் பெயரே நோயின் பெயராயிற்று. 1983இல் நியூயோர்க்கில் முக்கர்ஜியும் பிறரும் வெளியிட்ட ஆய்வு வேறொரு தவறைப் புலப்படுத்தியது. இருதுருவ நோயாளிகளுள் கறுப்பினத்தவரும் ஸ்பானிய வழியினரும், வெள்ளையரைவிட அதிக அளவில், முன்னர் எண்ணச் சிதைவு நோயாளிகள் எனத் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தனர். இத்தவறு வெறும் சொற்பிழையன்று. கணிப்புப் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். மீளக்கூடியவர் மீளாதவர் எனக் கைவிடப்படுவார்.

மொழியும் இத்துடன் இணைகிறது. 1973இல் லூயிஸ் மார்க்கோஸ் முதலியோர், ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நோயாளிகளை இருமொழிகளிலும் நேர்கண்டபோது, ஆங்கிலத்தில் பேசுகையில் அவர்களிடம் நோய் கடுமையாக இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர் டெல் காஸ்தியோ இதற்கு நேர்மாறான அவதானிப்பை வெளியிட்டிருந்தார்: தாய்மொழியில் பேசும்போதே நோயின் குறிகள் வெளிப்பட்டன என்பது அவர் கருத்து. இவ்விரு முடிவுகளும் முரண்படினும் ஓர் உண்மையை உடன்பட்டே உணர்த்துகின்றன. எந்த மொழியில் கேட்கப்படுகிறார் என்பதைப் பொறுத்து ஒரு மனிதரின் மனம் வேறுவேறாகத் தோற்றமளிக்கிறது. கேட்பவர் தன் மொழிக் குறைபாட்டை நோயாளியின் மனக் குறைபாடாக எண்ணிவிடும் ஆபத்து இங்கு உண்டு. வைத்தியருக்கும் தாய்க்கும் இடையில் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராக நிற்குமாயின், தாய் தன் தற்கொலை எண்ணத்தை அப்பிள்ளையின் வாயால் சொல்லத் துணிவாளா?

இனிக் குடும்பத்துக்கு வருவோம். தனிமனிதனின் நலனைவிடக் குடும்பத்தின் நலனையும் கடப்பாட்டையும் முன்னிறுத்தும் மனப்பாங்கை ஆய்வாளர் 'பமிலியிஸ்மோ' என்பர். 'தானாடாவிட்டாலும் தன் தசையாடும்' என்று தமிழர் கூறுவதை ஸ்பானிய அமெரிக்கத் தாய் ஒருத்தி விளக்கமின்றியே புரிந்துகொள்வாள். நோயுற்ற மகனை இல்லங்களில் விடாது வீட்டிலேயே வைத்துப் பேணுதல், மாமனும் சிற்றன்னையும் மச்சானும் முறைவைத்துக் காவலிருத்தல், வேலையிழந்தவனின் கடனை உடன்பிறந்தோர் பங்கிட்டுத் தீர்த்தல் ஆகியன இம்மனப்பாங்கின் விளைவுகளாகும். இதன் பயன் உணர்ச்சிப் பாராட்டு மட்டுமன்று. 2004இல் ஸ்டீவன் லோப்பெஸ் முதலியோர் எண்ணச் சிதைவு நோயாளிகளின் குடும்பங்களை ஒப்பிட்டனர். ஆங்கில வழிக் குடும்பங்களில் உறவினரின் குறைகூறல் நோய் மீள்வதை முன்னுணர்த்தியது. மெக்சிக்க வழிக் குடும்பங்களிலோ அன்பின் கதகதப்பு குன்றியமையே அவ்வாறு முன்னுணர்த்தியது. அஃதாவது, அங்கு அன்பு மருந்துக்குத் துணையாக நின்றது. இருதுருவ நோயிலும் குடும்பத்தை உள்ளடக்கிய சிகிச்சை நோய் மீள்வதைக் குறைக்கின்றது என்பதை டேவிட் மிக்லோவிற்ஸ் முதலியோரின் ஆய்வுகள் நிறுவியுள்ளன.

ஆனால் இவ்வன்பின் விலையை யார் செலுத்துகின்றனர்? விரிந்த குடும்பம் என்று பொதுவாகக் கூறப்படுவது நடைமுறையில் பெரும்பாலும் ஒரு பெண்ணே. தாயோ, மனைவியோ, மணமாகாத மகளோ இரவில் விழித்திருக்கிறாள். மருந்தை எண்ணிக் கொடுக்கிறாள். அயலாரின் வாயை அடக்குகிறாள். கன்னி மரியாளின் பொறுமையைப் பெண்ணுக்கு இலக்கணமாக வகுத்த மரபு, தாங்கிக்கொள்வதைப் புண்ணியமாக்கியது. தாங்குதல் புண்ணியமாகுமிடத்து உதவி கோருதல் குற்றமாகிறது. குடும்பத்தின் மானம் காக்கப்பட வேண்டும் என்ற எண்ணம், நோயாளியையும் பராமரிப்பவளையும் ஒரே வீட்டுக்குள் ஒருங்கே அடைத்துவிடுகிறது. இவ்வகையில் குடும்பப் பற்று ஒரு நற்பண்பாயினும், அதன் சுமை நீதியாகப் பங்கிடப்படாதவரை அது நிறைவுற்ற நற்பண்பாகாது.

இவ்விடத்துப் பண்பாட்டு விளக்கத்தின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். 'ஸ்பானிய வழியினர் சிகிச்சைக்கு வருவதில்லை. அவர்களது பண்பாடு தடுக்கிறது' என்னும் கூற்று வசதியானது. ஏனெனில் அது மருத்துவ அமைப்பைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. உண்மையில் வழியிலுள்ள தடைகள் பல பொருளியல் சார்ந்தவை. 2010ஆம் ஆண்டின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் ஏற்படுத்திய காப்புறுதிச் சந்தைகள், ஆவணமற்ற குடியேறிகளுக்குத் திறக்கப்படவில்லை. மருத்துவமனையில் முகவரி கொடுத்தால் நாடுகடத்தப்படலாம் என்று அஞ்சுபவரைப் பண்பாடு தடுக்கவில்லை; சட்டமே தடுக்கிறது. இலிதியம் உண்பவர் குருதியை ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும். வியர்வை மிகுந்து உடலின் நீரும் உப்பும் குறையுமாயின் குருதியில் இலிதியத்தின் அளவு கூடி நஞ்சாகலாம். கலிபோர்னியாவின் கோடை வெயிலில் பழம் பறிக்கும் தொழிலாளிக்கு இம்மருந்தைப் பரிந்துரைக்கும் வைத்தியர், அவரது நம்பிக்கைகளை விசாரிப்பதற்கு முன்னர் அவருக்கு நிழலும் குடிநீரும் கிடைக்கின்றனவா என விசாரிப்பதே முறையாகும்.

பண்பாடே நோயின் காரணம் என்ற எண்ணத்தை மறுக்கும் சான்றும் உண்டு. 1998இல் வெளியான பிரெஸ்னோ மாவட்ட ஆய்வு, மெக்சிக்கோவில் பிறந்து வந்து குடியேறியோரைவிட ஐக்கிய அமெரிக்காவில் பிறந்த மெக்சிக்க வழியினரிடையே உளநோய்கள் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டன என்றது. அந்த ஆய்வு உளநோய்களைப் பொதுவாக நோக்கியதே அன்றி இருதுருவ நோயை மட்டும் நோக்கியதன்று. ஆயினும், பழைய பண்பாட்டிலிருந்து விலகுவதே நலம் எனப் போதிப்போர் அதனை மனங்கொள்ள வேண்டும்.

குடும்பத்துக்கும் நோய்க்கும் இடையிலான உறவைப் பரம்பரை பற்றிய ஆய்வுகள் மேலும் சிக்கலாக்கின. கோஸ்தா றிக்காவின் மத்திய பள்ளத்தாக்கும் கொலம்பியாவின் அந்தியோக்கியாப் பகுதியும் குடியேற்றக் காலத்தில் சிறு தொகையினரிலிருந்து பெருகிய மக்களைக் கொண்டவை. பெரிய குடும்பங்களும் நெடிய வம்ச வரலாறும் உடைய இம்மக்களிடையே இருதுருவ நோயின் மரபுக்கூறுகளைத் தேடும் முயற்சிகள் நிகழ்ந்தன. கோஸ்தா றிக்காக் குடும்பங்கள் பற்றிய முக்கிய ஆய்வறிக்கை ஒன்று 1996இல் வெளிவந்தது. ஒற்றை மரபணு எதுவும் அகப்படவில்லை. 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று மரபுத்தொகுதியில் 64 இடங்கள் இந்நோயுடன் தொடர்புடையன எனக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. நோயில் பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு என்பது தெளிவு. ஆயின் அது விதியன்று. இவ்வறிவு குடும்பங்களை இரு வழிகளில் தாக்கலாம். 'வளர்ப்பின் குற்றம்' என்ற பழி தாயிடமிருந்து நீங்கலாம். 'இரத்தத்தின் குற்றம்' என்ற பழி குடும்பம் முழுவதன் மீதும் ஏறலாம். பெண் கொடுப்போரும் எடுப்போரும் வம்சம் விசாரிக்கும் சமூகங்களில் இரண்டாவது பழி இலேசானதன்று.

இங்ஙனம் அன்பும் சுமையும் பழியும் ஒன்றுகூடிய குடும்பத்திடம், நோயுற்றவருக்காகத் தீர்மானிக்கும் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்தல் தகுமா? ஸ்பானிய வரலாறே இவ்வினாவுக்கு ஓர் எச்சரிக்கையை வைத்திருக்கிறது. 1504இல் காஸ்தீலிய நாட்டின் அரசியான ஹுவானா, 1506இல் கணவனை இழந்தார். 1509இல் தந்தை பெர்னாந்து அவரைத் தோர்தேசியாஸ் நகரில் அடைத்துவைத்தார். 1517இல் வந்த மகன் கார்லோஸும் அவரை விடுவிக்கவில்லை. 1555இல் இறக்கும்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், சட்டப்படி அரசியாகவும் நடைமுறையில் சிறைக்கைதியாகவும் அவர் வாழ்ந்தார். 'பித்துப்பிடித்த ஹுவானா' என்றே வரலாறு அவரை அழைத்தது. அவருக்கிருந்தது எந்நோய் என்பதை இன்று எவரும் அறுதியிட முடியாது. பின்னாளில் எழுதினோர் துயர்நோய் முதல் இருதுருவ நோய் வரை பலவற்றைக் கூறியுள்ளனர். அறுதியிடக்கூடியது ஒன்றே: அவர் பித்துப்பிடித்தவராக இருப்பதில் தந்தைக்கும் மகனுக்கும் அரசியல் இலாபம் இருந்தது.

இலாபம் கருதாத அன்பும் பிழைபடுவதுண்டு. 1605இல் வெளிவந்த சேர்வாந்தேஸின் டொன் கிஹோத்தேயில், வீரனாகப் புறப்பட்டவனின் நூல்களை மருமகளும் வீட்டுப் பணிப்பெண்ணும் பாதிரியாரும் நாவிதரும் கூடி எரிக்கின்றனர். நூலறையைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, மந்திரவாதி ஒருவன் கொண்டுசென்றான் எனப் பொய் கூறுகின்றனர். அப்பாகத்தின் இறுதியில் அவனைக் கூண்டிலடைத்து மாட்டுவண்டியில் வீடு சேர்க்கின்றனர். அவர்களுள் எவரும் தீயவரல்லர். அவன் நலனே அவர்கள் நோக்கம். ஆயினும் அவனது மயக்கத்தைப் போக்குவதற்கு அவர்கள் வேறொரு மயக்கத்தையே கையாண்டனர். ஒருவரைக் காப்பதற்காக அவரிடம் பொய் சொல்லத் தொடங்கியவுடன், அவர் உரையாடத்தக்க மனிதர் என்ற நிலையிலிருந்து கையாளத்தக்க பொருள் என்ற நிலைக்கு இறக்கப்படுகிறார் என்பதை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது.

அடைத்துவைத்தலுக்கு ஸ்பானிய உலகில் கருணையின் வரலாறும் உண்டு. 1409இல் வலென்சியா நகரில், தெருவில் துன்புறுத்தப்பட்ட மனநோயாளி ஒருவருக்காக இரங்கிய ஜொப்ரே என்னும் துறவியின் பிரசங்கம் மனநோயாளர் மருத்துவமனை ஒன்றைத் தோற்றுவித்தது. 1910இல் மெக்சிக்கோ நகரில் சுதந்திர நூற்றாண்டை ஒட்டித் திறக்கப்பட்ட லா காஸ்தஞேதா மருத்துவமனை நவீனத்தின் சின்னமாகப் போற்றப்பட்டது. காலப்போக்கில் நெரிசலும் கைவிடலும் மிகுந்து 1968இல் மூடப்பட்டது. 1990 நவம்பரில் இலத்தீன் அமெரிக்க நாடுகளின் பிரதிநிதிகள் கூடி வெளியிட்ட கராக்காஸ் பிரகடனம், மனநல சேவையைப் பெருமருத்துவமனைகளிலிருந்து சமூகத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கோரியது. நற்கருத்தே எனினும், சமூகத்தில் வேண்டிய சேவைகள் நிறுவப்படாதவிடத்து 'சமூகம்' என்பதன் நடைமுறைப் பொருள் மீண்டும் குடும்பமே. குடும்பம் என்பதன் நடைமுறைப் பொருள் மீண்டும் அத்தாயே.

சட்டத்துறையில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. உரோமச் சட்ட மரபில் வந்த இந்நாடுகளின் குடியியற் கோவைகள், மனநோயாளியின் சட்டத் தகுதியை நீதிமன்றம் நீக்கி, பெரும்பாலும் உறவினர் ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்க இடமளித்தன. அத்தகைய தீர்ப்புப் பெற்றவர் சொத்தை விற்கவோ ஒப்பந்தம் செய்யவோ முடியாது. நோய் நீங்கிய மாதங்களிலும் தீர்ப்பு நீங்குவதில்லை. வந்துபோகும் நோய்க்கு நிலையான தண்டனை விதிக்கும் இம்முறை, இருதுருவ நோயின் இயல்புக்கே முரணானது. 2001இல் மெக்சிக்கோ முன்மொழிந்து, 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயம், சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான தகுதி உண்டென்றது. இலங்கையும் 2016இல் ஏற்புறுதி அளித்த சமவாயம் இதுவே. அதனைப் பின்பற்றிப் பெரு 2018இலும் கொலம்பியா 2019இலும் பழைய பாதுகாவலர் முறையைக் கைவிட்டு, ஒருவருக்குப் பதிலாகத் தீர்மானிப்பதற்கு மாறாக அவர் தீர்மானிப்பதற்குத் துணைநிற்கும் முறையை ஏற்படுத்தின. ஸ்பெயின் 2021இல் தன் சட்டத்தை இத்திசையில் மாற்றியது.

இம்மாற்றத்துக்கு வலுவான மறுப்பொன்று உண்டு. எழுச்சி நிலையில் வீட்டை விற்கப் புறப்பட்டவரிடம் 'உமது விருப்பத்துக்கு நாம் துணைநிற்கிறோம்' என்று கூறுவது துணையா, துரோகமா? பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திய பின்னர், நோய் தணிந்து அவர் அழும்போது, 'உமது உரிமையை மதித்தோம்' என்ற விடை அவருக்கு ஆறுதலளிக்குமா? உரிமை என்ற சொல்லின் மறைவில் கைவிடல் நுழைந்துவிடலாம் எனத் தாய்மார் அஞ்சுவதில் நியாயமுண்டு. இந்நோயில் தற்கொலை அபாயம் பிறரினும் பன்மடங்கு மிகுதி என்பதை நினைக்கையில், அவ்வச்சத்தைப் பழமைவாதம் என்று எவரும் ஒதுக்கிவிடலாகாது.

இம்மறுப்புக்கான விடையை நோயின் இயல்பே வழங்குகிறது. இருதுருவ நோயாளர் பலருக்கு நோயினின்று விலகிய தெளிந்த காலங்கள் உள. அக்காலத்தில் அவர் தம் நோயை அறிவார். அது எவ்வாறு தொடங்கும், எதனை அழிக்கும், எவரை நம்பலாம் என்பதையும் அறிவார். கொலம்பியச் சட்டம் இடமளிக்கும் முன்கூட்டிய பணிப்பு என்னும் ஏற்பாடு இவ்வறிவின் மீதே நிற்கிறது. 'மூன்று இரவுகள் நான் உறங்காவிடின் வங்கி அட்டையை என் தமக்கையிடம் கொடுங்கள். இன்ன மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இன்ன மருந்தைத் தரவேண்டாம்' என்று தெளிந்த நிலையில் ஒருவர் எழுதிவைக்கலாம். எழுச்சி நிலையில் அவர் அதனை எதிர்த்தாலும், அவரைத் தடுப்பது அப்போது வேறொருவரின் விருப்பமன்று; அவருடையதே. கடற்பயணத்தில் தன்னைப் பாய்மரத்தில் கட்டுமாறு முன்கூட்டியே ஆணையிட்ட கிரேக்க வீரன் யுலிசீஸின் கதையைத் தத்துவவாதிகள் இதற்கு உவமை காட்டுவர்.

இவ்விடையும் ஒரு கடினமான எச்சத்தை விட்டுவைக்கிறது. தெளிந்த மனிதரே 'எழுச்சியும் நானே. அந்நாட்களில் பாடியதும் வரைந்ததும் காதலித்ததும் என் வாழ்வே' என்று கூறினால் யாது செய்வது? தெளிவே உண்மையான தன்மை, எழுச்சி பொய்யான தன்மை எனப் பிரித்தல் மருத்துவருக்கு எளிது. அவ்வாழ்வை வாழ்ந்தவருக்கு எளிதன்று. ஆயின் முன்கூட்டிய பணிப்பின் நியாயம், எந்தத் தன்மை உண்மையானது என்ற மெய்யியல் வினாவின் விடையைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. தன் வாழ்வு முழுவதையும் ஒருங்கே நோக்கி, அதன் விளைவுகளை ஏற்று, பிறருக்குப் பதில் சொல்லும் நிலை எதுவோ, அந்நிலையின் வாக்குக்கு முதலிடம் தரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. எழுச்சியை அந்நிலையிலிருந்து நோக்கி ஒருவர் தம் பணிப்பில் இடமளிப்பாராயின், பிறருக்குத் தீங்கு நேராத எல்லைவரை அவ்விடத்தை மதித்தலும் கடமையாகும். வாக்கு என்பது எப்போதும் இன்றைய மனிதன் நாளைய மனிதனைக் கட்டுவதே. திருமணமும் கடனும் நட்பும் அவ்வாறே இயங்குகின்றன. நோயாளியிடம் மட்டும் இவ்வாற்றலை மறுப்பது நீதியாகாது.

அங்ஙனமாயின் குடும்பத்துக்கு எஞ்சும் இடம் யாது? அது குறைந்துபோகவில்லை, மாறியிருக்கிறது. குடும்பம் நோயாளியின் உரிமையாளர் அன்று. அவரது விருப்பத்தின் சாட்சி. அவர் தெளிவாக இருந்தபோது எதனை விரும்பினார், எதற்கு அஞ்சினார் என்பதை நீதிமன்றமோ மருத்துவமனையோ அறியாத அளவுக்குத் தாயும் தமக்கையும் நண்பரும் அறிவர். சமவாயத்தின் பன்னிரண்டாம் உறுப்புரையை 2014இல் விளக்கிய ஐக்கிய நாடுகளின் குழு, ஒருவரின் விருப்பத்தை நேரில் அறிய இயலாதபோது, அவருக்கு எது நன்மை எனப் பிறர் கருதுவதை விடுத்து, அவரது விருப்பத்துக்கும் தெரிவுகளுக்கும் மிகப் பொருத்தமான விளக்கத்தையே கொள்ள வேண்டும் என்றது. அவ்விளக்கத்தைத் தரக்கூடியவர் நெடுநாள் உடன்வாழ்ந்தவரே. ஆகவே குடும்பப் பற்று இங்கு தடையாக அன்றி அறிவின் ஊற்றாகவே விளங்குகிறது. எனினும் சாட்சியிடமும் குறுக்கு விசாரணை வேண்டும். ஹுவானாவின் தந்தையும் மகனும் குடும்பத்தவரே என்பதை மறத்தலாகாது.

இவ்வாறு நோக்குமிடத்து, தனிமனித உரிமையும் குடும்பப் பிணைப்பும் ஒன்றையொன்று அழிப்பன என்ற கருத்து வலுவிழக்கிறது. ஆயின் இவ்விணக்கம் சட்டவாசகத்தால் மட்டும் கைகூடாது. நோயாளியின் மொழியில் பேசும் வைத்தியரும், குருதியைப் பரிசோதிக்க அண்மையில் நிலையமும், அஞ்சாமல் முகவரி கொடுக்கத்தக்க குடியுரிமைச் சூழலும், பராமரிக்கும் பெண்ணுக்கு ஓர் இரவேனும் உறக்கமும் அதற்கு வேண்டும். 2020இல் மெக்சிக்க வழிப் பாடகி செலீனா கோமஸ் தமக்கு இந்நோய் உண்டெனப் பகிரங்கமாகக் கூறியபோது அச்சொல் இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. அவ்வாறு கூறுவதற்குப் புகழும் பொருளும் தேவைப்படாத நிலை பண்ணைத் தொழிலாளியின் மகளுக்கும் வாய்க்கும்போதே, நேர்வியோஸ் என்ற மென்மையான திரை தேவையற்றதாகும். அதுவரை அத்திரையைக் கிழிக்க முனைவோர், அதன் பின்னால் நிற்பவருக்கு வேறு எந்தக் காப்பை வழங்கினர் என்ற வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவராவர்.